ரஸாவின் கறுப்பு

கேள்வி: எஸ்.எச். ரஸாவின் ஓவியம் ஒன்று 51 கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் போனதாகப் படித்தேன். பார்த்தால் ஒரு கறுப்பு வட்டம், சுற்றிலும் முக்கோணங்கள், கட்டங்கள். ஸ்கேலும் காம்பஸும் கொடுத்தால் என் பேரனே வரைந்துவிடுவான். அப்படி என்னதான் இருக்கிறது அதில்?
– வாசகர், விருதுநகர்

பதில்: விலையை விட்டுவிடுவோம். 2023-ல் அந்த ஏலம் நடந்தபோது ரஸா இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. பேரன் வரைந்துவிடுவான் என்கிறீர்களே, அதற்குப் பதில் சொல்கிறேன்.

முப்பது வருஷம் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்த நானும், அச்சில் பார்த்தவரை உங்களைப் போலத்தான் நினைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு டெல்லிக்குப் போனபோது, 1983-ல் அவர் வரைந்த ‘சௌராஷ்ட்ரா’வை நேரில் பார்த்தேன். பக்கத்துக்கு 200 செ.மீ. உள்ள சதுரம், என்னைவிட உயரம். சிவப்பும் காவியும் பழுப்பும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. கிட்டப் போனால் சிவப்பு ஒரே சிவப்பாக இல்லை. பிரஷ் இழுத்த தடம் அப்படியே தெரிகிறது. கட்டத்தின் விளிம்பும் ஸ்கேல் வைத்துப் போட்டதில்லை. ஒரு நிறம் பக்கத்து நிறத்தின்மேல் லேசாக ஏறியிருக்கிறது. சாயங்காலம் காவலாளி வந்து நேரமாச்சு என்று சொல்லும்வரை நான் நகரவில்லை.

1922-ல் மத்தியப் பிரதேசத்தின் மாண்ட்லா மாவட்டத்தில் பிறந்தவர் ரஸா. அப்பா வனத்துறைக்காரர். நர்மதையை ஒட்டிய காடு. ராத்திரியானால் கும்மிருட்டு, பயம். விடிந்தால் கண் கூசும் வெளிச்சம். கறுப்பிலிருந்துதான் மற்ற நிறங்கள் பிறக்கின்றன என்று அவர் நம்பியது அந்தக் காட்டில் வளர்ந்ததால்தான் என்பது என் எண்ணம். வகுப்பில் கவனம் சிதறும் பையன் என்பதால், வாத்தியார் ஒருநாள் சுவரில் ஒரு புள்ளி வைத்து, இதையே பார்த்துக்கொண்டிரு என்று உட்காரவைத்தாராம். அந்தப் புள்ளி படத்துக்குள் ‘பிந்து’வாக, நீங்கள் பார்த்த கறுப்பு வட்டமாக, வந்து சேர்ந்தபோது ரஸாவுக்கு அறுபது நெருங்கிவிட்டது. நடுவில் பம்பாயில் படித்து, 1947-ல் சூஸா, ஹுசைன் முதலானவர்களோடு முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கி, பாரிஸுக்குப் போய், 1956-ல் அங்கே விமர்சகர்கள் தரும் பரிசையும் வாங்கியிருந்தார். நன்றாக விற்றுக்கொண்டிருந்த நிலக்காட்சிகளை விட்டுவிட்டு அந்த வயதில் ஒரு புள்ளியிடம் திரும்பி வந்தார். உங்கள் பேரன் வட்டம் வரைவான், நிச்சயமாக. வரையட்டும். அவனுக்கும் அது எங்கேயாவது கொண்டுபோகலாம்.

கேள்வி: அறுபது வருஷம் பிரான்ஸில் இருந்தவரை எப்படி இந்திய ஓவியர் என்கிறீர்கள்?
– வாசகி, சேலம்

பதில்: கடைசிவரை இந்தியக் குடியுரிமையை விடவில்லை. பிரிவினையின்போது சகோதரர்கள் பாகிஸ்தான் போனார்கள், இவர் போகவில்லை. 1981-ல் வரைந்த ‘மா’ என்ற படத்தில், அம்மா, திரும்பி வரும்போது நான் என்ன கொண்டுவருவேன் என்று கேட்கும் இந்திக் கவிதை வரி ஒன்றைத் தேவநாகரியில் எழுதியிருக்கிறார். மனைவி ழானின் இறந்த பிறகு, 88 வயதில் டெல்லிக்கே வந்துவிட்டார். 2016 ஜூலை 23-ல் காலமானார். மாண்ட்லாவில் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

கேள்வி: நிறைய நிறம் போடுகிறேன், ஆனால் படம் நிற்கமாட்டேன் என்கிறது. கலர் சென்ஸ் எனக்கு வராதா, சார்?
– ஓவிய மாணவன், கும்பகோணம்

பதில்: வரும், தம்பி. 1948-ல் காஷ்மீரில் ரஸாவின் படங்களைப் பார்த்த போட்டோகிராஃபர் கார்த்தியே-பிரெஸ்ஸோன், திறமை இருக்கிறது, கட்டுமானம் இல்லை, பிரெஞ்சு ஓவியர் செசானைப் படி என்றார். ரஸா கோபித்துக்கொள்ளவில்லை. பிரெஞ்சு கற்றுக்கொண்டு, உதவித்தொகை வாங்கி, 1950-ல் பாரிஸுக்குப் போனார்.

நீ ஒன்று செய். தபால் அட்டை அளவில் பத்துத் தாள் வெட்டிக்கொள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பு வட்டம், எல்லாம் ஒரே டியூபிலிருந்து. சுற்றி ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிறம் பூசு. மஞ்சளுக்கு நடுவில் இருக்கும் கறுப்பும் கருநீலத்துக்கு நடுவில் இருக்கும் கறுப்பும் ஒன்றுதானா என்று உனக்கே சந்தேகம் வரும். காய்ந்ததும் பத்தையும் தரையில் பரப்பி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.