அடித்தவர் பேஷண்ட் என்பதால் விட்டுவிடலாமா?

கேள்வி: தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடமாக நர்ஸாக இருக்கிறேன். போன வாரம் நைட் டூட்டியில், குடித்துவிட்டு பைக்கிலிருந்து விழுந்தவருக்கு நெற்றியில் தையல் போடும்போது திடீரென்று எழுந்து என் கன்னத்தில் அறைந்துவிட்டார். கண்ணாடி உடைந்தது, பிளாஸ்டர் ஒட்டித்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். “பேஷண்ட்தானே, விடும்மா, போலீஸுக்குப் போனா ஆஸ்பத்திரி பேரு கெடும்” என்கிறது நிர்வாகம். விட்டுவிடவா?
- பெயர் வேண்டாம், விழுப்புரம்

பதில்: காதில் வலியோ இரைச்சலோ இருக்கிறதா சகோதரி? அறை விழுந்து செவிப்பறை கிழிவதுண்டு, முதலில் காது டாக்டரைப் பாருங்கள், அடிபட்ட விதத்தைச் சொல்லி ஏ.ஆர். (காயத்தைக் குறித்துவைக்கும் விபத்துப் பதிவேடு) போடச் சொல்லுங்கள். எத்தனை பேருக்கு ஏ.ஆர். போடும்போது பக்கத்தில் நின்றிருப்பீர்கள், உங்களுக்குப் போட ஒருவருக்கும் தோன்றவில்லையே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

அப்புறம் அந்த “பேஷண்ட்தானே”. தலைக்குள் அடி, சர்க்கரை இறங்கிப்போன குழப்பம், குடியைத் திடீரென்று நிறுத்தியதால் வரும் பிதற்றல், இதிலெல்லாம் ஒருவர் கை ஓங்கினால் அது நோய், அவர்மேல் கேஸ் போடச் சொல்ல மாட்டேன். அப்போதும் ராத்திரியில் துணைக்கு ஒரு செக்யூரிட்டிகூட இல்லாமல் உங்களை நிறுத்தியதற்கு நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் வெறும் போதை வேறு. தானாகக் குடித்த போதை சட்டத்தின் முன் சாக்காகாது. இவருக்கு எது என்று, பார்த்த டாக்டர் கேஸ் ஷீட்டை வைத்துச் சொல்லட்டும்.

தமிழ்நாட்டில் இதற்கென்றே 2008-இல் சட்டம் வந்துவிட்டது. டாக்டர் மட்டுமல்ல, நர்ஸும் அதில் உண்டு, தனியார் மருத்துவமனையும் உண்டு. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை, ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். இருந்தும் 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு புற்றுநோய் டாக்டரை, நோயாளியின் மகன் பணி நேரத்திலேயே கத்தியால் குத்தினார். கத்திக்குத்து செய்தியாகிறது, உங்களுக்கு விழுந்த அறை வார்டைத் தாண்டுவதில்லை. அந்த வருடம் ஆகஸ்டில் மத்திய அரசு மருத்துவமனைகளுக்கு வந்த உத்தரவே, ஊழியர் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் மருத்துவமனைத் தலைமைதான் போலீஸில் புகார் தர வேண்டும் என்கிறது. அடிவாங்கியவர் தனியாக ஸ்டேஷன் வாசலில் நிற்கக் கூடாது, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

உங்கள் நிர்வாகம் கேட்கவில்லையா? நடந்ததை நேரத்தோடு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். சிசிடிவி பதிவு அழிவதற்குள் எடுத்துவைக்கும்படி அதிலேயே கேளுங்கள். பிறகு உடன் வேலை பார்க்கும் ஒருவரோடு ஸ்டேஷனுக்குப் போங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அங்கே தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம். இன்றே வேறு கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள், உடைந்ததைத் தூக்கிப்போடாதீர்கள், புகாரோடு அதையும் காட்ட வேண்டும்.