ஊசி போட்டது யார்?

கேள்வி: எனக்கு 44 வயது. புருவங்களுக்கு நடுவிலும் நெற்றியிலும் இருந்த சுருக்கம் போக ஒரு கிளினிக்கில் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டேன். ஆறாம் நாள் காலை எழுந்தபோது இடது கண் பாதி மூடியிருந்தது. இன்றோடு பன்னிரண்டு நாள். ஆபீஸில் எல்லோரும் என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். கணவர் ‘இந்த வயதில் இது தேவையா’ என்று ஒரு நாள் விடாமல் சொல்லிக்காட்டுகிறார். கிளினிக்கில் போய்க் கேட்டால் மேனேஜர் சிரித்தபடி, ‘தானா சரியாகிடும் மேடம்’ என்றார். அன்றைக்கு டாக்டர்கூட இல்லை, அங்கிருந்த பெண்தான் ஊசி போட்டார். முகத்தில் மரத்துப்போகும் கிரீம் தடவியிருந்தபோது டேப்லெட்டில் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது, ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டால் கட்டிய பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்கிறார்கள். இதைச் சரிசெய்ய வேறு கிளினிக்கில் அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன். இவர்களைச் சும்மா விடக் கூடாது. போலீஸில் புகார் கொடுக்கலாமா? வீடியோவில் எல்லாவற்றையும் சொல்லலாமா?

பதில்: முதலில் சட்டம் சாராத ஒரு விஷயம். விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல், குரல் மாற்றம், இரட்டையாகத் தெரிவது, உடம்பில் வேறு எங்காவது பலவீனம், இவற்றில் ஒன்று இருந்தாலும் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள். மருந்து ஊசி போட்ட இடத்தைத் தாண்டிப் பரவினால் வரும் அறிகுறிகள் இவை. சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம். அமெரிக்காவில் 2009 முதல் இந்த மருந்துகளின் லேபிளிலேயே கட்டம் கட்டி இந்த எச்சரிக்கையைப் போடுகிறார்கள். அழகுக்காகப் போடும் அளவில் இது அரிது. ஆனாலும் கேட்காமல் விட எனக்கு மனசு வராது.

அப்படி எதுவும் இல்லை என்றால் சரி, வழக்குக்கு வருவோம். மேனேஜரின் சிரிப்பு, கணவரின் பேச்சு, ஆபீஸில் கேட்ட கேள்விகள் எல்லாம் உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று புரிகிறது. ஆனால் இவை எதுவும் மனுவில் ஒரு பத்திக்குமேல் தேறாது. போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், டாக்டர் இல்லை, அங்கிருந்த பெண்தான் போட்டார் என்று. உங்கள் வழக்கு மொத்தமும் அந்த ஒரு வரிதான்.

இமை தொங்கியதை மட்டும் வைத்துக்கொண்டு போனால் தோற்பீர்கள். போடாக்ஸ் என்று பொதுவாகச் சொல்கிற இந்த மருந்து, நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சமிக்ஞையைத் தடுத்துத் தசையைத் தளர்த்துகிறது. அது கொஞ்சம் கீழே கசிந்து இமையைத் தூக்கும் தசையைத் தொட்டால் இமை இறங்கும். புருவ நடுச் சுருக்கத்துக்கான சோதனைகளில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இப்படி ஆனதாக மருந்தின் லேபிளிலேயே இருக்கிறது. கை தேர்ந்த டாக்டர் போட்டாலும் நடக்கக்கூடியது. ‘தெரிந்த பக்கவிளைவு, படிவத்தில் இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது’ என்று எதிர்த்தரப்பு மூன்று வரியில் பதில் போட்டுவிடும்.

ஊசி போட்டவருக்கு அதைப் போடத் தகுதியே இல்லை என்றால், இந்தப் பதில் நிற்காது. நீங்கள் சம்மதித்தது ஒரு டாக்டரின் கைக்கு. அந்தச் சம்மதம் தானாக இன்னொருவர் கைக்கு மாறாது என்பதுதான் நான் எடுக்கும் வாதம். சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, சிகிச்சை என்ன, அதில் ஆபத்து என்ன, மாற்று வழி என்ன என்று தெரிந்து கொடுக்கும் சம்மதம்தான் சம்மதம் என்று. கிரீம் தடவிப் படுத்திருக்கும்போது டேப்லெட்டை நீட்டி வாங்கிய கையெழுத்தை அந்த இடத்தில் வைத்துக் கேள்வி கேட்கலாம்.

இனி நான் பயப்படும் இடம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் இருக்கிறதே என்று நிறையப் பேர் சாவகாசமாக இருந்துவிடுகிறார்கள். சட்டம் தரும் இரண்டு வருஷத்தை உங்கள் முகம் தராது. இந்த மருந்தின் வேலை மூன்று, நான்கு மாதத்தில் தேய்ந்துபோகும். இமை பெரும்பாலும் அதற்கும் முன்பே, சில வாரங்களிலேயே ஏறிவிடும். உங்களுக்கு அது நல்ல செய்தி. வழக்குக்கு அதுதான் சாட்சி, அது நாளுக்கு நாள் மறைந்துகொண்டிருக்கிறது. என்னிடம் ஒருவர் ஐந்தாவது மாதம் வந்தார். எதிரே உட்கார்ந்திருந்த முகத்தில் ஒரு குறையும் இல்லை. கையில் இருந்தது நான்கு செல்ஃபி. நான்கிலும் முகவாயைத் தூக்கியிருந்தார். இமை இறங்கியவர்கள் பார்வை மறைக்கிறதே என்று தங்களை அறியாமலே தலையைப் பின்னால் சாய்ப்பார்கள், அப்போது படத்தில் கண் திறந்த மாதிரிதான் இருக்கும். அந்த வழக்கை நான் எடுக்கவில்லை.

ஆகவே நாளைக்கே ஒரு கண் டாக்டரிடம் போங்கள். இறங்கியிருப்பது இமையா, புருவமா என்று கேளுங்கள். கண்ணாடியில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், காரணம் வேறு. நெற்றித் தசை அளவுக்கு மேல் தளர்ந்தால் புருவம் இறங்கி, தோல் இமைமேல் மடிந்து விழும். எது என்பதையும், எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். இமையைக் கொஞ்சம் தூக்குவதற்கு ஒரு சொட்டு மருந்து உண்டு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கும். டாக்டர் கொடுத்தால் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அளவு எடுத்த பிறகு. சொட்டு போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தால் டாக்டர் எழுதும் சீட்டில் ‘லேசான இறக்கம்’ என்றுதான் வரும். போட்டோ நேராகப் பார்த்து, முகவாயைத் தூக்காமல், ஃபில்டர் இல்லாமல், தினமும் ஒன்று.

அதே நாளில் கிளினிக்குக்கு எழுத்தில் ரெக்கார்டு கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் டாக்டர் கொடுக்க வேண்டும் என்று 2002-ன் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. வெறும் பில்லை நீட்டுவார்கள், வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். மருந்தின் பெயர், குப்பியில் ஒட்டியிருந்த பேட்ச் நம்பர், மொத்தம் எத்தனை யூனிட், முகப் படத்தில் எந்தெந்தப் புள்ளியில் குத்தியது, குத்தியவர் பெயர், அவருடைய பதிவு எண், இவ்வளவும் வேண்டும். ஒரு பிராண்டின் யூனிட்டும் இன்னொரு பிராண்டின் யூனிட்டும் ஒன்றல்ல, பெயர் தெரியாமல் அளவைப் பற்றிப் பேசவே முடியாது. புள்ளிகளும் முக்கியம். புருவ ஓரத்தில் போடும் ஊசி கண் மேல் எலும்பிலிருந்து குறைந்தது 1 செ.மீ. மேலே இருக்க வேண்டும் என்று லேபிள் சொல்கிறது. அன்றைய கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் அதே கடிதத்தில் எழுதுங்கள். பல இடங்களில் பழைய பதிவின் மேல் புதியது தானாக ஏறிவிடும்.

அடுத்த வாரத்து அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்யுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். இதே மாதிரி வழக்குகள் எங்கே உடைகின்றன என்று கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். தோலுக்கு அடியில் நிரப்பும் ஃபில்லர் ஊசிகளில் சிலவற்றைக் கரைக்க மருந்து உண்டு, இந்த ஊசியைத் திரும்ப எடுக்க ஒன்றும் கிடையாது. ‘சரிசெய்கிறோம்’ என்றால் அநேகமாக அதே மருந்தை இன்னொரு இடத்தில் குத்துவதுதான். குத்திய அன்றைக்கே முதல் கிளினிக்குக்கு விடுதலை. எங்கள் மருந்தால் இறங்கியதா, அவர்கள் மருந்தால் இறங்கியதா என்று கேட்பார்கள், உலகத்தில் எந்த நிபுணராலும் பிரித்துச் சொல்ல முடியாது. முதல் கிளினிக் இலவசமாக டச்-அப் தருகிறேன் என்றாலும் வேண்டாம். கண் டாக்டர் தரும் சிகிச்சை வேறு, அதை நிறுத்தாதீர்கள்.

போலீஸ் இப்போதைக்கு வேண்டாம். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோலில், மிக மோசமான அலட்சியம் இருந்தால்தான் அது குற்ற வழக்கு. ஊசி போட்டவர் டாக்டரே இல்லை என்று ரெக்கார்டில் தெரிந்தால் அப்போது வேறு புகார் இருக்கிறது, அதைப் பிறகு பேசலாம். வீடியோ வேண்டவே வேண்டாம். இன்றைக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள். பெயரைச் சொல்லி வீடியோ போட்டால் மறுநாளே அவதூறு நோட்டீஸ் வரும், அப்புறம் நீங்கள் பதில் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

கடைசியாக அந்தப் பேப்பர். என் யோசனை, சமரசத்துக்குப் போங்கள். சில வாரங்களில் சரியாகும் பாதிப்புக்குப் பெரிய தொகை கிடைப்பது அபூர்வம். தீர்ப்பு வரும் நாளில் நல்ல முகத்தோடு நின்றுகொண்டு, நிபுணர் கட்டணம் கட்டி, வருஷக்கணக்கில் அலைந்ததுதான் மிஞ்சும். ஆனால் இன்றைக்கு அவர்கள் நீட்டுகிற வடிவில் கையெழுத்துப் போடாதீர்கள். ரெக்கார்டு முதலில், கையெழுத்து பிறகு. யார் ஊசி போட்டார் என்று காகிதத்தில் கேட்டவரோடு பேசும்போது அவர்கள் சொல்லும் தொகையே மாறும். ஊசிக்குக் கட்டிய பணத்தோடு கண் சிகிச்சைச் செலவும், சம்பளம் பிடிக்கப்பட்டிருந்தால் அதுவும் கேளுங்கள். அந்தப் பேப்பரில் ‘சிகிச்சை முழுத் திருப்தியாக இருந்தது’, ‘டாக்டர்தான் ஊசி போட்டார்’ என்ற மாதிரி வரி இருந்தால் அடித்துவிட்டு, அடித்த இடத்தில் இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்குங்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்பதற்குப் பக்கத்தில், ‘இன்றைய தேதியில் தெரிந்த பாதிப்புக்கு மட்டும்’ என்று சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் கண் டாக்டர் இமை பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று எழுதித் தரும்வரை கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள்.