சம்பளம் வந்த வரைக்கும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நியூகாசிலில் வேலை பார்க்கும் மகளிடம் போயிருந்தபோது, வட இங்கிலாந்தில் ரோமானியர் எழுப்பிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவரையும் அதையொட்டிய ஹவுஸ்டெட்ஸ் கோட்டையையும் பார்த்துவந்தேன். தெற்கு வாசலுக்கு வெளியே சில வீடுகளின் அடித்தளங்களைக் காட்டி, இங்கே ஓர் ஊர் இருந்தது என்றார்கள். இப்போது செம்மறி ஆடுகள்தான் மேய்கின்றன. ரோமானியரின் எல்லைக் கோட்டைகளிலிருந்துதான் வியன்னாவும் ரீகன்ஸ்பர்க்கும் வளர்ந்தன என்று படித்திருக்கிறேன். ஒரு கோட்டை நகரமாகவும் இன்னொன்று மேய்ச்சல் நிலமாகவும் ஆனது ஏன்? அந்த ஊர்க்காரர்கள் எங்கே போனார்கள்? படையை அண்டிப் பிழைத்தவர்கள், படை போனதும் கலைந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஒரு வாசகி, கோவை

*

அன்புள்ள அம்மா,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். ‘அண்டிப் பிழைத்தவர்கள்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் அந்த மனிதர்களில் பலர் படைவீரர்களின் குடும்பத்தினர். கி.பி. 122-இல் தொடங்கப்பட்டு ஏறத்தாழ 118 கிலோமீட்டர் நீண்ட அந்தச் சுவரைக் கட்டியவை லீஜியன் எனப்படும் ரோமின் பெரும்படைப் பிரிவுகள் மூன்று என்றாலும், தலைமுறை தலைமுறையாக அங்கே காவல் நின்றவர்கள் பேரரசின் பிற மாகாணங்களில் திரட்டப்பட்ட துணைப்படையினர். ஹவுஸ்டெட்ஸில் இருந்தவர்கள் இன்றைய பெல்ஜியப் பகுதியிலிருந்து வந்த துங்ரியர்கள். பணியிலிருக்கும் வீரன் சட்டப்படி மணம் செய்துகொள்ளக் கூடாது என்ற விதி இரண்டாம் நூற்றாண்டின் இறுதிவரை நடப்பில் இருந்தது. ஆனால் சுவருக்குச் சற்றுத் தெற்கே உள்ள விண்டோலாண்டா கோட்டையின் ஈர மண், காற்றுப் புகாததால் தோலையும் மரத்தையும் மக்கவிடாமல் காத்து, ஆயிரக்கணக்கான காலணிகளை நமக்குக் கொடுத்திருக்கிறது. அவற்றில் பெண்களுடையவையும் கைக்குழந்தையுடையவையும் உண்டு. அந்த விதி நடப்பில் இருந்த காலத்திலேயே, வீரர்கள் தங்கிய குடியிருப்புகளுக்குள்ளேயே கிடந்தவையும் அவற்றில் உண்டு.

சுவரின் கிழக்குக் கோடியை ஒட்டிய சவுத் ஷீல்ட்ஸில் ஒரு கல்லறைக் கல் இருக்கிறது. ரெஜினா என்ற பெண் நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். ஒரு பக்கம் நகைப்பெட்டி, மறுபக்கம் கம்பளி நூல் உருண்டைகள் நிறைந்த கூடை. தென்பிரிட்டனின் கட்டுவெல்லௌனி இனத்தைச் சேர்ந்த அவளை அடிமைத்தளையிலிருந்து விடுவித்து மணந்துகொண்டவர் சிரியாவின் பால்மிராவிலிருந்து வந்த பராத்தஸ். முப்பது வயதில் அவள் இறந்துபோனாள். மேலே இலத்தீன் வாசகம் தட்டுத்தடுமாறிச் செல்கிறது. அதன் கீழே பராத்தஸின் தாய்மொழி எழுத்தில் ஒரே ஒரு வரி, தேர்ந்த கை செதுக்கியது போல ஒழுங்காக ஓடுகிறது: ‘பராத்தஸ் விடுவித்த ரெஜினா, அந்தோ.’ அந்தக் குளிர்ந்த கடலோரத்தில் அவ்வரியைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? யாருக்காகவும் அல்லாமல் தனக்காகவே அவர் அதைச் செதுக்க வைத்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். இப்படிப்பட்டவர்கள் வாழ்ந்த ஊர்களைப் படைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட கூட்டமாக என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்து, படை போனதும் ஊர் கலைந்தது என்ற எண்ணம். இது காலக்கணக்கிலேயே பொருந்தவில்லை. ஹவுஸ்டெட்ஸ், விண்டோலாண்டா ஆகிய இரண்டின் வெளி ஊர்களும் மூன்றாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், ஏறத்தாழ 270-களை ஒட்டி, ஆளற்றுப் போய்விட்டன. கோட்டைக்குள் படை அதற்குப் பிறகும் நூறாண்டுக்கு மேல் இருந்தது. அதாவது ஊர்தான் முதலில் போனது. ஆய்வாளர்கள் இதற்குப் பல காரணங்களைச் சொல்கிறார்கள். எனக்கு வலுவாகப் படுவது சம்பளம். கோட்டைக்கு வெளியே இருந்த மதுக்கடையும் கொல்லன் பட்டறையும் வீரனின் கையில் தவணைதோறும் விழுந்த வெள்ளி நாணயத்தால் வாழ்ந்தவை. 260-களின் இறுதியில் அந்த நாணயத்தில் வெள்ளி 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அரசு படையினருக்குத் தானியமாகவும் துணியாகவும் பொருளாகவே கொடுக்கும் வழக்கம் வலுத்தது. கோட்டைகளில் ஆட்களின் எண்ணிக்கையும் குறைந்தது. செலவழிக்க வீரனிடம் காசில்லை என்றால் கடைத்தெரு எப்படி நிற்கும்? வெளியே இருந்தவர்களில் ஒரு பகுதியினர் கோட்டை மதிலுக்குள்ளேயே குடியேறியிருக்கலாம்.

படையும் ஒரே நாளில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடவில்லை. பிரிட்டனில் ரோம ஆட்சி கி.பி. 410-இல் முடிந்தது என்று பாடநூல்கள் சொல்கின்றன. புதிய நாணயங்களின் வரத்து அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 402-ஐ ஒட்டி, நின்றுவிட்டது. சுவரின் மேற்குப் பகுதியில் உள்ள பெர்டோஸ்வால்டில் 1987 முதல் நடந்த அகழாய்வில் அதன் பிறகு என்ன ஆயிற்று என்பது படிப்படியாகத் தெரியவந்தது. அங்கே இரண்டு தானியக் களஞ்சியங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வடக்குக் களஞ்சியத்தின் கூரை நான்காம் நூற்றாண்டில் இடிந்து விழுந்தது. தெற்குக் களஞ்சியத்தின் தரைக்கடியில் காற்றோட்டத்துக்காக விட்டிருந்த இடைவெளியை நிரப்பி, மேலே புதுத் தளம் போட்டு, ஒரு முனையில் கணப்பு அடுப்பு அமைத்தார்கள். அந்தக் கணப்பினருகே தங்கக் காதணி ஒன்றும், 388-க்கும் 395-க்கும் இடையில் அடிக்கப்பட்ட, பேரரசர் தியோடோசியஸின் காசு ஒன்றும் கிடைத்தன. பிறகு, இடிந்த வடக்குக் களஞ்சியத்தின் மேலேயே பெரிய மரக்கூடம் எழுந்தது. தானியம் வைத்த இடத்தில் ஒரு தலைவன் தன் ஆட்களோடு கணப்பருகே அமர்ந்திருக்கிறான். நான்காம் நூற்றாண்டில் வீரனின் மகனும் வீரனாக வேண்டும் என்று சட்டமே இருந்ததால், அந்த ஆட்கள் அதே மண்ணில் பிறந்து வளர்ந்தவர்கள். போவதற்கு அவர்களுக்கு வேறு ஊர் கிடையாது. ரோமிலிருந்து சம்பளம் வராதபோது சுற்றுப்புறத்து விவசாயிகளிடமிருந்து விளைச்சலில் பங்கு வாங்கிக்கொண்டு அவர்களைக் காத்திருப்பார்கள் என்றே அகழாய்வாளர்கள் கருதுகிறார்கள். உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான்: அவர்கள் எங்கும் போகவில்லை, படையே ஊராகிவிட்டது.

சம்பளம் நின்ற நாளுக்கு எழுத்துச் சாட்சி ஒன்றும் உண்டு, ஆனால் அது பேரரசின் இன்னோர் எல்லையான, நடு ஐரோப்பாவின் டானூப் ஆற்றங்கரையிலிருந்து வருகிறது. ஜெர்மனியின் இன்றைய பாஸாவ் நகரத்தின் ரோமப் பெயர் படாவிஸ். அங்கே தங்கியிருந்த, இன்றைய நெதர்லாந்துப் பகுதியின் படேவியர் இனப் படையால் வந்த பெயர். (விண்டோலாண்டாவில் கி.பி. 100-ஐ ஒட்டி இருந்ததும் படேவியர் படைதான்.) 482-இல் மறைந்த துறவி செவரினஸின் வரலாற்றைப் பிற்பாடு எழுதிய யூஜிப்பியஸ் சொல்வது இது. ரோம ஆட்சி நிலைத்திருந்த வரையில் எல்லைக் காவலுக்காகப் பல ஊர்களின் வீரர்களுக்குப் பொதுப்பணத்திலிருந்து சம்பளம் வந்தது. அது நின்றதும் படைப்பிரிவுகள் எல்லையோடு சேர்ந்து இல்லாமல் போயின. படாவிஸ் படை மட்டும் எஞ்சியிருந்தது. அதிலிருந்து சிலர் தம் தோழர்களுக்கான கடைசிச் சம்பளத்தை வாங்கிவர இத்தாலிக்குக் கிளம்பி, வழியில் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய உடல்களை ஆறு கரையில் ஒதுக்கிய பிறகுதான் செய்தி ஊருக்குத் தெரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் இதைப் படித்தேன். பேரரசின் முடிவைப் பற்றி நான் படித்தவற்றில் இந்த அளவுக்கு மனத்தில் தங்கியது வேறொன்றும் இல்லை.

இனி நகரங்கள். பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் காலத்தில் 179-இல் ரீகன்ஸ்பர்க்கில் கட்டப்பட்டது ஒரு முழு லீஜியனுக்கான, ஏறத்தாழ 6,000 வீரர்களுக்கான கோட்டை. ஹவுஸ்டெட்ஸில் இருந்தவர்கள் 800 பேர். ரீகன்ஸ்பர்க்கில் டானூபில் படகு போகும். ரோமர் போன பிறகும் அந்தப் பெரிய கல் மதில் நின்றது. அதற்குள் பவேரியப் பிரபுக்களும் பிறகு கிறித்தவ ஆயர்களும் குடிபுகுந்தார்கள். வியன்னாவில் கிராபன் என்ற பகட்டான கடைத்தெருவின் பெயருக்கு அகழி என்றே பொருள்: கோட்டையின் தென்மேற்கு அகழியைப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் தூர்த்துத் தெருவாக்கினார்கள். பக்கத்து நாக்லர் தெரு ஓரிடத்தில் வளைவது, கோட்டை மதிலின் வளைந்த மூலையைத் தொடர்வதால்.

ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நீங்கள் பார்த்த அதே சுவரின் மேற்கில் கார்லைல் இருக்கிறது. ஈடன் ஆற்றைக் கடக்கும் இடம், சுற்றிலும் நல்ல விளைநிலம், தன்னாட்சி பெற்ற ஊர். 685-இல் அங்கே போன துறவி கத்பர்ட்டுக்கு ஊரார் மதிலையும், ரோமர் கட்டி அப்போதும் நீர் ஓடிக்கொண்டிருந்த ஊற்றுத் தொட்டியையும் பெருமையாகச் சுற்றிக் காட்டினார்களாம். ஹவுஸ்டெட்ஸுக்கோ பாறை முகடும் காற்றும் மெலிந்த மண்ணும் மட்டுமே வாய்த்தன. சம்பளத்தைத் தவிர அங்கே ஊர் நிற்க வேறு காரணம் எதுவும் இல்லை.

அடுத்த முறை மகளிடம் போகும்போது பெர்டோஸ்வால்டுக்கும் அவசியம் போய்வாருங்கள். களஞ்சியத்தின் அடித்தளத்தின் மேல், பிற்கால மரக்கூடத்தின் தூண்கள் நின்ற இடங்களில் பருத்த மரக்கட்டைகளை நட்டு அடையாளம் வைத்திருக்கிறார்கள். இரண்டு வரிசைகளுக்கும் நடுவே நடந்து பார்த்தால் கூடத்தின் அகலம் காலுக்குத் தெரியும்.