பட்டியலை அண்ணா நகரிலேயே விட்டுவிட்டுப் போ

அயனாவரத்திலிருந்து ஒரு செவிலியர் கேட்டிருக்கிறார்: "அக்கா, எனக்கு இங்கிலாந்தில், டெர்பி நகரத்து மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. மருத்துவப் பணியாளர்களுக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வில் தேறிவிட்டேன். ஆனால் அண்ணா நகரில் நான் போகும் பயிற்சி மையத்தில், புத்தக ஆங்கிலம் பேசினால் அங்கே யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லி, ஸ்லாங் பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். லண்டனில் படிக்கும் என் சித்தப்பா மகனும் வாய்க்கு வாய் 'லைக்', 'லிட்ரலி', 'இன்னிட்' என்றுதான் பேசுகிறான். நானும் அப்படிப் பழகிக்கொள்ள வேண்டுமா?"

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். நான் பெரம்பூர்க்காரி. நாட்டிங்காமில் செவிலியராக வேலை பார்த்தே தலை நரைத்தவள். டெர்பி எங்களுக்குப் பக்கத்து ஊர், ரயிலில் அரை மணி நேரம். இரண்டு ஊரிலும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். ஸ்லாங் உனக்குப் புரிய வேண்டும். நீ பேச வேண்டியதில்லை. பேசாததற்காக உன்னை யாரும் ஒதுக்க மாட்டார்கள். அளவு தெரியாமல் பேசினால்தான் சிக்கல்.

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே 'ரிஸ்' இருக்கிறது. பிறரைக் கவரும் சாமர்த்தியம் என்று பொருள். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் 2023-இன் ஆண்டுச் சொல்லாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். மறு ஆண்டு அந்த இடத்துக்கு 'பிரெயின் ராட்' வந்துவிட்டது. இவையெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சரக்கு. அம்மாக்கள் பேச ஆரம்பித்த மறுநாளே பிள்ளைகள் கைவிட்டுவிடுவார்கள். அண்ணா நகரில் காசு கொடுத்து வாங்கி, டெர்பியில் போய் இறக்குவதற்குள் ஊசிப்போய்விடும். உன் வார்டில் படுத்திருக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் எழுபது எண்பது வயதைத் தாண்டியவர்கள். அவர்கள் வாயில் 'ரிஸ்' வராது.

அவர்கள் வாயில் வருவது எதுவும் உன் பட்டியலில் இல்லை. ஒரு பாட்டி உன்னைக் கூப்பிட்டு 'ஸ்பெண்ட் எ பென்னி' செய்ய வேண்டும் என்பார். கடைக்குப் போக ஆசைப்படவில்லை, சிறுநீர் கழிக்க வேண்டும் என்கிறார். விக்டோரியா காலத்துப் பொதுக் கழிப்பறைகளின் கதவு ஒரு பென்னி போட்டால்தான் திறக்கும். பூட்டு போய்விட்டது, பேச்சு நிற்கிறது. 'வாட்டர்வொர்க்ஸ்' சரியில்லை என்று ஒரு தாத்தா சொன்னால் பிளம்பரைத் தேடாதே, சிறுநீர்ப் பாதையில் கோளாறு. 'ஃபன்னி டர்ன்' வந்தது என்றால் அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. தலைசுற்றலாக இருக்கலாம், நொடிநேர மயக்கமாக இருக்கலாம், பக்கவாதத்தின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம்; உடனே பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 'புவர்லி'. நோயாளி தன்னைப் பற்றிச் சொன்னால் உடம்பு சரியில்லை என்பதோடு சரி. பணி மாறும்போது உன்னிடம் பொறுப்பை ஒப்படைக்கும் செவிலியர் 'ஆறாம் படுக்கைக்காரர் வெரி புவர்லி' என்றால், அவர் விடியும்வரை தாங்குவாரா என்பதே சந்தேகம் என்று அர்த்தம். சாதுவாக ஒலிக்கும் சொல். காதில் விழுந்தவுடன் முதலில் அந்தப் படுக்கைக்குப் போ.

அந்த ஊர்க்காரர்கள் வலியைக் குறைத்துச் சொல்பவர்கள், குறிப்பாக முதியவர்கள். இடுப்பெலும்பு முறிந்து வந்த ஒரு பாட்டியிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். 'எ பிட் சோர், டக்' என்றார், கொஞ்சம் வலிக்கிறதாம் ('டக்' என்னவென்று பிறகு சொல்கிறேன்). கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். விரல் முட்டிகள் வெள்ளை வெளேரென்று இருந்தன, மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எத்தனை என்று எண்ணாகக் கேட்ட பிறகுதான், தயங்கித் தயங்கி, ஒன்பது என்றார். 'நாட் டூ பேட்', 'மஸ்ண்ட் கிரம்பிள்' (குறை சொல்லக் கூடாது) என்பதையெல்லாம் கேட்டுவிட்டு நகர்ந்துவிடாதே. எண்ணைக் கேள், முகத்தைப் பார்.

இதெல்லாம் முடியுமா என்று மலைக்காதே. வடபழனியில் நீ வேலை பார்க்கும் இடத்தில் இதையேதான் தினமும் செய்துகொண்டிருக்கிறாய். 'மருமகள் முழுகாமல் இருக்கிறாள்' என்று ஒரு மாமியார் சொன்னால், ஏன் குளிக்கவில்லை என்றா கேட்கிறாய்? மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை என்று பெரியவர் சொன்னால், வெளியே வெயில் அதிகம் என்றா பதில் சொல்கிறாய்? 'ஒரு மாதிரியாக வருகிறது' என்று மார்பைத் தடவினால் இசிஜி இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறாய். இதற்கெல்லாம் யாரும் உனக்குப் பட்டியல் தரவில்லை. காது தானாகப் பழகியது. அங்கேயும் பழகும். வார்டில் உதவியாளர்களாக இருக்கும் உள்ளூர்ப் பெண்களோடு தேநீர் குடி. அவர்களைப் போன்ற ஆசிரியர்கள் எந்த மையத்திலும் கிடைக்க மாட்டார்கள்.

தேநீர் என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்தப் பக்கங்களில் 'டீ' என்றால் பல வீடுகளில் மாலைச் சாப்பாடு, 'டின்னர்' என்றால் மத்தியானச் சாப்பாடு. 'டின்னருக்குப் பிறகு மாத்திரை போட்டேன்' என்று தாத்தா சொன்னால் எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுது. 'ஹாஃப் செவன்' என்றால் ஏழரை, ஆறரை அல்ல. பணிக்கு வரச் சொல்லும் நேரத்தை இப்படித்தான் சொல்வார்கள்.

பிறகு இந்த 'டக்'. வாத்து என்று உன்னைக் கேலி செய்யவில்லை. டெர்பியிலும் நாட்டிங்காமிலும் பஸ் ஓட்டுநர், கடைக்காரர், நோயாளி எல்லோரும் எல்லோரையும், ஆண் பெண் பார்க்காமல், 'டக்' என்பார்கள். வடக்கே யார்க்ஷயருக்குப் போனால் அது 'லவ்' ஆகிவிடும், நியூகாசிலில் 'பெட்'. யாராவது 'லவ்' என்றதும் அப்பாவுக்குப் போன் செய்து அழாதே. உனக்கென்றே ஒரு சொல் காத்திருக்கிறது: 'நெஷ்'. சும்மா குளிர்கிறது குளிர்கிறது என்று நடுங்குபவர். அக்டோபரில் நீ ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு வரும்போது வார்டே சொல்லும். சிரித்துக்கொள், அது அன்புதான். யாராவது ஒரு நோயாளியை 'டூலாலி' என்றால், புத்தி கொஞ்சம் தடுமாறுகிறது என்று பொருள். அந்தச் சொல் நம் நாசிக் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் தேவ்லாலியிலிருந்து போனது. கப்பலுக்குக் காத்திருந்து காத்திருந்து அந்த முகாமில் கிறுக்குப் பிடித்த வெள்ளைக்கார சிப்பாய்கள் கொண்டுபோனது. நீ அதை நோயாளி காதுபட ஒருநாளும் சொல்லாதே.

இனி உன் கேள்வியின் இரண்டாவது பாதி. பேசுவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. ஸ்லாங்கின் அர்த்தம் அகராதியில் கிடைத்துவிடும், அதன் எடை கிடைக்காது. சென்னைக்கு வேலைக்கு வரும் வடநாட்டு டாக்டர் ஒருவர், ஆட்டோ ஸ்டாண்டில் கேட்ட 'கஸ்மாலம்' என்ற சொல்லைத் தமாஷாக எடுத்துக்கொண்டு ஒரு நோயாளியின் அப்பாவிடம் சொன்னால் என்ன ஆகும்? அதே நிலையில்தான் நாம் அங்கே நிற்கிறோம். தாம்பரத்திலிருந்து வந்த ஒரு தம்பி எங்கள் வார்டில் சேர்ந்த புதிதில் மூத்த மருத்துவரையும் 'மேட்' (நண்பா) என்பான், துப்புரவாளரையும் 'மேட்' என்பான். அதுவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இறந்துகொண்டிருந்த ஒருவரின் மனைவியிடம், உங்கள் கணவர் 'நாக்கர்ட்' ஆகிவிட்டார் என்றான் ஒருநாள். மிகவும் களைத்துவிட்டார் என்று சொல்ல நினைத்தானாம். அந்தச் சொல் கிழட்டுக் குதிரைகளை வெட்டுகிறவனின் தொழிலிலிருந்து வந்தது; நண்பர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம். அந்த அம்மாள் பதில் பேசாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்டு மேலாளர் அவனைத் தனியே கூப்பிட்டுப் பேசினார்.

உன் சித்தப்பா மகன் பேசுவதில் தவறில்லை. அவன் வயது, அவன் ஊர், அவன் கூட்டம். அந்த லண்டன் பேச்சில் ஜமைக்கா முதல் பல நாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பங்கு இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சியே நடக்கிறது. ஆனால் இங்கிலாந்துக்காரர்களுக்கே அதில் சலிப்பு உண்டு. 2013-இல் தெற்கு லண்டனில் ஒரு பள்ளிக்கூடம் 'இன்னிட்' (இல்லையா), 'லைக்', 'பேர்' (நிறைய) போன்ற சொற்களைப் பள்ளிக்குள் பேசக் கூடாது என்று தடைப் பலகையே மாட்டியது. நேர்காணலில் பிள்ளைகள் தோற்றுவிடக் கூடாதே என்ற கவலை. தடை போடுவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வாக்கியத்துக்கு மூன்று 'லைக்' போட்டுப் பேசும் பயிற்சி மாணவியிடம் நோயாளியின் நிலையைக் கேட்டு வாங்குவதற்குள் என் பொறுமை போய்விடும் என்பதும் உண்மை.

எழுத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஒரு காலத்தில் மருத்துவர்கள் நோயாளிக் குறிப்பிலேயே கிண்டல் சுருக்கெழுத்துகள் எழுதினார்கள். ஆடம் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் தொகுத்தவை 2003-இல் செய்திகளில் அடிபட்டன. அவற்றில் ஒன்று 'யூபிஐ', அதாவது காரணம் தெரியாத பீர் காயம். (நம் ஊரில் அதே மூன்றெழுத்தில் காய்கறிக்குப் பணம் கொடுக்கிறோம்.) நோயாளிகள் தங்கள் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படிக்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பழக்கம் இப்போது அருகிவிட்டது, நீயும் தொடங்காதே.

உண்மையில் உனக்கு இடைஞ்சலாக இருக்கப்போவது அவர்களுடைய ஸ்லாங் அல்ல, நம்முடைய மருத்துவமனை ஆங்கிலம். 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2019' என்று நேர்காணலில் சொல்லிவிடாதே. மயங்கி விழுந்தாய் என்று எடுத்துக்கொள்வார்கள். நோயாளி 'எக்ஸ்பையர்ட்' என்று எழுதாதே, அது பால் பாக்கெட்டுக்கு. 'டைட்' (இறந்தார்) என்பதே அங்கே மரியாதையான சொல். 'ஓடி' என்றால் அறுவை அரங்கு அல்ல, 'ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்', அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குபவர். அரங்கு வெறும் 'தியேட்டர்'. இங்கே நாம் எல்லோருமே 'சிஸ்டர்', அங்கே 'சிஸ்டர்' என்பது வார்டுப் பொறுப்பாளரின் பதவி. 'மோஷன் போனீர்களா' என்று கேட்டால் விழிப்பார்கள். 'ஹேவ் யூ ஓபன்ட் யுவர் பவல்ஸ்' என்று கேள். பதிலை, மலத்தின் தன்மையைக் குறிக்கும் பிரிஸ்டல் அட்டவணையில் ஏழு வகைகளில் எது என்று குறிக்க வேண்டும். பட்டியலுக்குச் செலவிடும் நேரத்தை இவற்றைத் திருத்திக்கொள்வதற்குச் செலவிடு, மிச்ச நேரத்தில் அங்கே போய்ச் செய்து காட்ட வேண்டிய ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வுக்குத் தயாராகு.

நல்ல ஆங்கிலத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் கேட் கிரேஞ்சரைப் பார். யார்க்ஷயரில் முதியோர் மருத்துவர். தானே புற்றுநோய் நோயாளியாகப் படுத்திருந்தபோது, வந்து தொட்டுப் பார்த்தவர்களில் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்று கவனித்தார். 2013-இல் 'ஹலோ, மை நேம் இஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 2016-இல் அவர் இறந்துவிட்டார். அந்த வாசகம் பொறித்த அட்டை பிரிட்டன் முழுவதும் ஊழியர்கள் நெஞ்சில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த ஆங்கிலம்தான். உன் பெயரைச் சொல்லிவிட்டு, உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேள். அவர் சொன்ன பெயரிலேயே கூப்பிடு, 'டக்' என்பதை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, டெலிபோன். முகம் தெரியாதபோதுதான் உச்சரிப்பு நம்மைக் காலை வாரும். உன் நீளமான பெயரை எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். 'எம் ஃபார் மெட்ராஸ்' அங்கே செல்லாது. 'மைக்', 'ஆல்ஃபா', 'பிராவோ' வரிசையைக் கற்றுக்கொண்டு போ. மருந்தளவைப் போனில் சொல்லும்போது 'ஃபிஃப்டீன்' என்று மட்டும் சொல்லாதே, 'ஃபிஃப்டி' என்று காதில் விழும். 'ஒன் ஃபைவ்' என்று இலக்கம் இலக்கமாகவும் சொல்லிவிட்டு, அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்ட பிறகு போனை வை.