கருத்தடைக் குளிசை: அட்டை மாறும் நாளில்தான் கவனம் வேண்டும்

இம்முறை கருத்தடைக் குளிசை பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம். பெயர்களை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு 26 வயது, இரண்டரை வயதில் ஒரு மகன். கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் தந்த குளிசையை பீரியட் வந்த மூன்றாம் நாள் தொடங்கினேன். ஒரு கிழமை முடியுமுன்பே நாங்கள் சேர்ந்துவிட்டோம். ஒரு மாதம் போனால்தான் குளிசை வேலை செய்யும் என்று மச்சாள் சொல்கிறா. பிள்ளை தங்கியிருக்குமோ என்று நித்திரையே இல்லை. (களுவாஞ்சிக்குடி)

பதில்: பயப்படாமல் நித்திரை கொள்ளுங்கள். மாதவிடாய் தொடங்கி ஐந்து நாளுக்குள் முதல் குளிசையை எடுத்தவருக்கு அன்றிலிருந்தே பாதுகாப்பு உண்டு. அந்த நாட்களில் முட்டை முதிர்ந்திருக்காது. குளிசை முந்திக்கொண்டு அதை அடக்கிவிடும். ஆறாம் நாளோ அதற்குப் பிறகோ தொடங்குபவர்தான், கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, முதல் ஏழு நாளும் ஆணுறை பாவிக்க வேண்டும். மச்சாள் சொல்லும் ஒரு மாதக் கணக்கு யாருக்கும் பொருந்தாது.

சரியாக எடுக்கும் 1000 பெண்களில் ஒரு வருடத்தில் கருத்தரிப்பவர்கள் 3 பேரளவில்தான். மறதியும் பிந்தலும் கலந்த அன்றாட வாழ்க்கையில் அது 100 பேருக்கு 7 பேராகிறது. இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், உங்கள் அட்டையையே எடுத்துப் பாருங்கள். வெள்ளை 21, மண்ணிறம் 7. வெள்ளையில் ஓமோன் இருக்கிறது. மண்ணிறத்தில் இரும்புச்சத்து மட்டும். மண்ணிறம் எடுக்கும் ஏழு நாளும் சூலகம் மெல்ல விழித்துக்கொண்டே இருக்கும். எட்டாம் நாள் புது அட்டையின் முதல் வெள்ளை போய் அதை மறுபடி உறங்கவைக்கும். அந்த வெள்ளை இரண்டு மூன்று நாள் பிந்தினால் முட்டை வெளிவர வழி கிடைத்துவிடும். அட்டையின் நடுவில் ஒன்றை மறப்பதைவிட அட்டை மாறும் இடத்தில் பிந்துவதுதான் ஆபத்து.

அங்கே பிழை வருவது பெரும்பாலும் இப்படித்தான்: இரத்தம் நிற்கட்டும், பிறகு தொடங்குவோம் என்று காத்திருப்பது. காத்திருக்கவே கூடாது. இரத்தம் போய்க்கொண்டிருந்தாலும் கடைசி மண்ணிறத்துக்கு மறுநாள் புது அட்டையின் முதல் வெள்ளையை எடுக்க வேண்டும். இன்னும் சிலர் மண்ணிறத்தால் என்ன பயன் என்று விட்டுவிட்டு, நாளை எண்ணுவதில் பிழைவிடுவார்கள். கிளினிக் நாள் தவறிப்போவதும் உண்டு. மார்கழி மழையில் வீதியில் வெள்ளம் நிற்கும்போது அட்டை முடிந்தால் என்ன செய்வது? முதல் மண்ணிறத்தை எடுக்கும் அன்றே அடுத்த அட்டை வீட்டில் இருக்க வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக் கிளினிக்கில் அது இலவசம். முன்கூட்டியே கேட்டு வாங்க வெட்கப்படாதீர்கள்.

முதல் மூன்று மாதத்தில் இடையிடையே இரத்தப் பொட்டு படலாம், வயிற்றைப் பிரட்டலாம், மார்பு நோகலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் பிரட்டல் குறையும். பொட்டுப் பட்டால் குளிசை வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. அதற்காக நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: கல்யாண வீட்டு அலைச்சலில் இரண்டு வெள்ளைக் குளிசை மறந்துவிட்டேன். இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா? (சம்மாந்துறை)

பதில்: சேர்த்து எடுக்காதீர்கள், சத்திதான் மிஞ்சும். ஒன்று மட்டும் தவறியிருந்தால் நினைவு வந்த உடனே அதை எடுத்து, அடுத்ததை வழக்கமான நேரத்தில் எடுத்தால் போதும். ஒரே நாளில் இரண்டு போனாலும் பரவாயில்லை, ஆணுறையும் தேவையில்லை. இரண்டு அல்லது அதற்கு மேல் தொடர்ந்து தவறியிருந்தால், கடைசியாகத் தவறியதை மட்டும் உடனே எடுத்து, முந்தியதை எறிந்துவிட்டு, தொடர்ந்து ஏழு நாள் ஆணுறையுடன் இருங்கள்.

இனி எந்தக் கிழமையில் தவறியது என்று பாருங்கள். முதல் ஏழு வெள்ளைக்குள் தவறி, கடந்த ஐந்து நாளில் உறவும் நடந்திருந்தால் அவசரக் கருத்தடைக் குளிசை தேவைப்படலாம். லெவோநோஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், 72 மணித்தியாலத்துக்குள். எவ்வளவு விரைவாக எடுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. எடுத்த பின் வழக்கமான குளிசையையும் விடாமல் தொடருங்கள். மூன்று கிழமை கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துபாருங்கள். நடுக் கிழமையில் என்றால் அந்த ஏழு நாள் ஆணுறை போதும். கடைசி ஏழு வெள்ளையில் தவறினால் மிச்ச வெள்ளைகளை முடித்து, மண்ணிறத்தை எறிந்துவிட்டு, மறுநாளே புது அட்டை தொடங்குங்கள். அந்த மாதம் இரத்தம் வராது, அது சரிதான்.

எடுத்து மூன்று மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் இன்னொரு குளிசை எடுங்கள். கடும் வயிற்றோட்டம் ஒரு நாளைத் தாண்டினால் அந்த நாட்களைத் தவறிய நாட்களாகவே எண்ணுங்கள்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். பகல் 12 மணிக்குக் குளிசை எடுப்பேன். நோன்புக்கு நேரத்தை மாற்றினால் பலன் குறையுமா? காய்ச்சலுக்கு அமொக்சிசிலினும் தந்திருக்கிறார்கள். (அக்கரைப்பற்று)

பதில்: வஅலைக்கும் ஸலாம். நோன்பு தொடங்குமுன் ஒருநாள் பகல் எடுப்பதை அன்று இரவு எடுங்கள். எட்டு ஒன்பது மணித்தியாலம் பிந்துவதால் பாதுகாப்பு போகாது. பிறகு நோன்பு திறந்த பின் ஒரே நேரத்தில் எடுங்கள். அதிகாலையில் சத்தி வருபவர்கள் ஸஹருக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். அமொக்சிசிலின் குளிசையைக் குழப்பாது. குழப்புபவை வேறு: காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான காபமசெபின், ஃபெனிற்றோயின், ஃபெனோபாபிற்றோன். இவற்றை எடுப்பவர் இந்தக் குளிசையை நம்பக் கூடாது. ரிஃபாம்பிசினை நிறுத்திய பின்னும் நான்கு கிழமை அதன் தாக்கம் நிற்கும்.

கேள்வி: கணவர் ஆவணியில் கட்டாரிலிருந்து இரண்டு மாத லீவில் வருகிறார். முதல்நாள் தொடங்கினால் போதுமா? வயது 36, பிரஷர் கொஞ்சம் இருக்கிறது. (வாழைச்சேனை)

பதில்: முதலில் பிரஷரைப் பாருங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் இந்தக் குளிசை உங்களுக்குப் பொருந்தாது. பக்கவாத ஆபத்தைக் கூட்டும். கருப்பையில் வைக்கும் லூப் அல்லது கையில் வைக்கும் இம்ப்ளான்ட் பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள். மூன்று மாத ஊசியும் உண்டு. ஆனால் அதை விட்ட பின் மறுபடி கருத்தரிக்கப் பல மாதம் பிந்தலாம். கண் முன் ஒளிக் கீற்றுகள் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களும், குழந்தைக்கு ஆறு மாதமாகாமல் பால் கொடுப்பவர்களும் இந்தக் குளிசையைத் தொடங்க வேண்டாம்.

தடையில்லாதவர்கள் கணவர் வருவதற்கு முந்திய மாதவிடாயிலேயே தொடங்குங்கள். பிரட்டலும் பொட்டும் அடங்க அவகாசம் கிடைக்கும். லீவுக்கு லீவு தொடங்கி நிறுத்துவதை நாங்கள் விரும்புவதில்லை. இரத்தம் கட்டிபடும் ஆபத்து தொடங்கிய முதல் மாதங்களில்தான் அதிகம். ஒரு மாதம் விட்டுத் தொடங்கினால் அது புதிதாகத் தொடங்குவது போலத்தான். ஆபத்து சிறியது: குளிசை எடுக்காத 10,000 பெண்களில் வருடத்துக்கு 2 பேர், லெவோநோஜெஸ்ட்ரல் என்ற ஓமோன் கலந்த அன்றாடக் குளிசை எடுப்பவர்களில் 5 முதல் 7 பேர். ஆனாலும் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, திடீரென்று மூச்சு முட்டினாலோ, நெஞ்சு நொந்தாலோ, பார்வை மங்கினாலோ குளிசையை விட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. மண்ணிறக் குளிசை நாள் அதில் விழுகிறது. பீரியட்டைத் தள்ள பாமசியில் பிறிமொலுட் வாங்கலாமா? (திருக்கோவில்)

பதில்: வாங்க வேண்டாம், வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. வெள்ளை முடிந்த மறுநாள் மண்ணிறத்தைத் தொடாமல் அடுத்த அட்டையின் வெள்ளையைத் தொடங்குங்கள். இரத்தம் தள்ளிப்போகும், பாதுகாப்பும் குறையாது. சிலருக்குச் சிறு பொட்டு மட்டும் படலாம். குளிசை எடுக்காத பெண்களுக்கு ஒரு சொல்: மாதவிடாயைத் தள்ள எடுக்கும் பிறிமொலுட்டைக் கருத்தடையாக நம்பாதீர்கள். உங்களுக்கு ஓர் அட்டை கூடுதலாகத் தேவைப்படும் என்று மிட்வைஃப் மிஸ்ஸிடம் சித்திரையிலேயே சொல்லிவையுங்கள்.