பூசான் பன்றி சூப் சப்பென்று இருக்கிறதா? உப்பு போட வேண்டியது நீங்கள்தான்

கேள்வி: வேலை விஷயமாக தென்கொரியாவின் பூசானில் இருக்கிறேன். எல்லோரும் புகழ்கிறார்களே என்று துவேஜி குக்பாப் (சோறு சேர்த்த பன்றி சூப்) வாங்கினேன். உப்பே இல்லை. கூடவே ஏழெட்டு சின்னத் தட்டுகள் வேறு. எதை எதில் போடுவது?

பதில்: பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து இறக்கும் இந்தச் சாற்றை அங்கே உப்பு குறைத்துத்தான் பரிமாறுவார்கள். 1950-53 கொரியப் போரின்போது பூசான் தற்காலிகத் தலைநகராக இருந்தது. அகதிகள் அங்கே வந்து குவிந்த அந்த நாட்களில்தான் இது பரவியது என்பார்கள்.

முதலில் எதையும் போடாமல் இரண்டு கரண்டி குடித்துப் பாருங்கள். கிண்ணத்தில் சிவப்பாக மிளகாய் விழுது கிடந்தால் (தாதேகி என்பார்கள்), கலக்குவதற்கு முன்பே எடுத்து ஓரமாக வையுங்கள். கலந்துவிட்டால் காரம்தான் தெரியும், எலும்பின் ருசி போயே போச்சு.

அடுத்தது சேவுஜோத். பொடி இறாலை உப்பில் ஊறவைத்துப் புளிக்கவைத்தது. உப்புக்காக நான் கை வைப்பது இதில்தான். வெறும் உப்பு கரிக்க மட்டும் செய்யும். இது சாற்றுக்கு ஆழம் தரும், கொழுப்பின் திகட்டலையும் அடக்கும். அரைத் தேக்கரண்டி போட்டுக் கலக்கி, ருசி பார்த்து, அப்புறம் கூட்டுங்கள். கறித்துண்டின் மேல் ஓர் இறாலை வைத்தும் சாப்பிடலாம். இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் வெறும் உப்பே போடட்டும். கிம்ச்சியிலும் (காரம் சேர்த்துப் புளிக்கவைத்த காய்கறி) பெரும்பாலும் இறால் இருக்கும், கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

சோம்யோன் என்ற மெல்லிய கோதுமை நூடுல்ஸ் உருண்டை தந்தால் உடனே போட்டுச் சாப்பிட்டுவிடுங்கள், ஊறினால் குழைந்துவிடும். மிளகாய்ப்பொடியில் பிசறிய புச்சுக் கீரையை (பூண்டு மணக்கும் மெல்லிய தாள்)த் தாராளமாக அள்ளிப் போட்டு, கரண்டியால் சாற்றுக்குள் அமுக்குங்கள். நொடியில் வதங்கி, பூண்டு வாசம் மேலே எழும். பூசான்காரர்கள் இதை விடவே மாட்டார்கள். வெங்காயமும் பச்சை மிளகாயும் சூப்பில் போட அல்ல. பக்கத்தில் இருக்கும் சம்ஜாங் என்ற சோயா-மிளகாய் விழுதில் தொட்டுக் கடிக்க.

பாதி காலியானதும் எடுத்துவைத்த தாதேகியைக் கலந்துகொள்ளுங்கள். அதே கிண்ணத்தில் இன்னொரு சூப் கிடைக்கும். முள்ளங்கிக் கிம்ச்சியின் சாறு ஒரு கரண்டி விட்டால் புளிப்பும் சேரும்.

சில கடைகளில் சோற்றின் மேல் கொதிக்கும் சாற்றை ஊற்றி, வடித்து, மறுபடி ஊற்றித் தருவார்கள். சோறு தனியாக வேண்டுமானால் ‘தாரோ குக்பாப்’ கேளுங்கள். குடல், ஈரல் எல்லாம் வேண்டாம் என்றால், ‘கோகிமான்’ என்று சொன்னால் கறி மட்டும் போட்டுத் தருவார்கள்.