நாற்பது நிமிடத்தில் உங்கள் பங்கு எத்தனை நிமிடம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பன்னாட்டுத் தன்னார்வலர் திட்டம் ஒன்றில் தேர்வாகியிருக்கிறேன். ஆறு வாரம். இரண்டு பள்ளிகளில் 11 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வாரம் எட்டுப் பயிலரங்குகள் நடத்த வேண்டும். ‘உலகை அறிவோம்’ என்று தலைப்பு மட்டும் தந்திருக்கிறார்கள். அந்த நாட்டு மொழியில் எனக்கு வணக்கமும் நன்றியும்தான் தெரியும். வகுப்பில் ஓர் ஆசிரியர் மொழிபெயர்ப்பாராம். என் நாட்டைப் பற்றி 45 ஸ்லைடுகள் தயாராக இருக்கின்றன. இது போதுமா? மொழி தெரியாமல் வகுப்பை எப்படிக் கட்டுக்குள் வைப்பது? ஒரு பண்பாட்டை உள்ளிருந்து அறிய ஆறு வாரம் போதுமா? என் நண்பன் இதை “சர்டிபிகேட்டோடு ஒரு சுற்றுலா” என்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

எஸ்.

(நாட்டின் பெயரையும் அமைப்பின் பெயரையும் எடுத்துவிட்டேன். எந்த நாட்டுக்குப் போகிறவருக்கும் கணக்கு ஒன்றுதான்.)

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த 45 ஸ்லைடுகள். ஒரு பீரியட் 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முந்தைய ஆசிரியர் வெளியே போய், பிள்ளைகள் உட்கார்ந்து, வருகைப் பதிவு முடிய ஐந்து நிமிடம். உங்களை அறிமுகப்படுத்த மூன்று. கடைசியில் பொருட்களைச் சேர்த்தெடுத்து பெஞ்சுகளைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட ஐந்து. மிச்சம் 27. வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்க்கும்போது நீங்கள் பேசும் ஒரு நிமிடம் வகுப்பில் இரண்டு நிமிடத்தைத் தின்னும். மூச்சுவிடாமல் பேசினாலும் உங்களுக்குக் கிடைப்பது பதின்மூன்றரை நிமிடம். அதை 45-ஆல் வகுத்தால் ஸ்லைடுக்கு 18 விநாடி. அதுவும் ப்ரொஜெக்டர் முதல் தடவையிலேயே எரிந்தால்.

‘என் நாடு’ ஸ்லைடு காட்சியில் இன்னொரு வம்பு உண்டு. அது தோற்றாலும் தோற்றது தெரியாது. பிள்ளைகள் கைதட்டுவார்கள், தலைமையாசிரியர் நன்றி சொல்வார், குழுப் புகைப்படம் எடுப்பார்கள். அடுத்த வாரம் அதே பிள்ளைகளிடம் கேட்டால் நீங்கள் உடுத்தியிருந்த உடையின் நிறம் நினைவிருக்கும். அவர்கள் கைக்கு நீங்கள் வேலை எதுவும் தரவில்லையே.

ஆகவே பேச்சும் மொழிபெயர்ப்பும் சேர்ந்து ஆறு நிமிடத்துக்கு மேல் போகாத பயிலரங்கைத் திட்டமிடுங்கள். ஒன்றை முழுதாகச் சொல்கிறேன், உங்கள் தலைப்புக்கு ஒத்துவரும்: இரண்டு ஊர்களின் மணியையும் ஒன்றாகக் காட்டும் நேர வட்டு.

36 பிள்ளைகள் என்றால் நால்வராக ஒன்பது குழு. குழுவுக்குக் கெட்டி அட்டையில் வெட்டிய இரண்டு வட்டுகள், பெரியது 20 செ.மீ. விட்டம், சிறியது 14. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. என்பதால் பெரிய வட்டு அதற்குள் அடங்கிவிடும். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது, எனவே மணிக்கு 15 பாகை. பாகைமானியை வைத்து வட்டின் விளிம்பில் 15 பாகைக்கு ஒரு கோடாக 24 கோடுகள். கடிகாரம் சுழலும் திசையில் 0 முதல் 23 வரை எண்கள். சிறிய வட்டைப் பெரியதன்மேல் வைத்து, கால் இரண்டாகப் பிரியும் பித்தளைப் பின்னை நடுவில் குத்தி மடக்க வேண்டும். பெரிய வட்டு அவர்கள் ஊர், சிறியது உங்கள் ஊர். உங்கள் ஊர் மூன்றரை மணி நேரம் முந்தியிருந்தால், பெரிய வட்டின் 10-க்கு நேராகச் சிறிய வட்டின் பதின்மூன்றரையை நிறுத்துங்கள். அவ்வளவுதான், நாள் முழுவதற்குமான நேரமும் ஒரே பார்வையில் தெரியும். வேறு நாடு வேண்டுமென்றால் சிறிய வட்டைச் சுழற்றினால் போதும்.

எங்கே கெடும் என்பதுதான் முக்கியம். கத்தரிக்கோலை வகுப்பில் எடுத்தால் பத்து நிமிடம் போய்விடும், வெட்டியே கொண்டுபோங்கள். வெட்டும் முன்பே காம்பஸ் முனை குத்திய மையத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள். துளை இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகினாலும் சிறிய வட்டு நொண்டும், கோடுகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்காது. இரண்டு வட்டுகளையும் பிள்ளைகளே குறிக்கட்டும் என்று விட்டால் இருபது நிமிடம் ஆகும். சிறியதை நீங்கள் குறித்துவைத்து, பெரியதை மட்டும் கொடுங்கள். முதலில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு போட்டு 0, 6, 12, 18 எழுதச் சொல்லுங்கள். பிழை நடந்தாலும் கால்வட்டத்தோடு நின்றுவிடும். ஏதாவது ஒரு குழு நிச்சயம் 1 முதல் 12 வரை இரண்டு முறை எழுதும், இன்னொன்று எதிர்த்திசையில் எழுதும். இரண்டாவது பிழை ஆபத்தானது. வட்டு பார்க்க அழகாக இருக்கும், விடை மட்டும் தப்பாக வரும். எண் எழுதும்போதே ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

அரை மணிக் கணக்கு நாடுகளும் உண்டு. இந்தியா உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால், நேபாளம் ஐந்தே முக்கால். அரை மணிக்கு ஏழரைப் பாகை, முக்கால் மணிக்கு 11.25. கோடுகளுக்கு நடுவே ஒரு சிறு புள்ளி போதும், பாகைமானியில் தேட வேண்டாம். சில நாடுகளில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுவார்கள். போகும் வாரத்தில் வித்தியாசம் எவ்வளவு என்று அன்றே பார்த்துவிடுங்கள். இரண்டு வட்டுகளிலும் 0-க்கான கோட்டைச் சிவப்பில் போட்டால் தேதி மாறுவது தானாகப் புரியும். சிறிய வட்டின் மணி சிவப்பைத் தாண்டியிருந்து பெரிய வட்டின் மணி தாண்டவில்லை என்றால், அங்கே நாளை பிறந்துவிட்டது.

இதற்குப் பேச்சு ஆறு நிமிடம், குறிக்கப் பத்து, கோக்க மூன்று, படிக்க எட்டு. கூட்டினால் அந்த 27. படிக்கும் எட்டு நிமிடத்தில்தான் நீங்கள் தேடும் பண்பாடு வருகிறது. தினமும் எந்த மணிக்கு என்ன செய்கிறார்கள் என்று பெரிய வட்டில் நாலைந்து இடத்தில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் அவர்கள் வயதுப் பிள்ளை அதே நேரத்தில் என்ன செய்யும் என்பதை நீங்கள் சிறிய வட்டில் எழுதுங்கள். வீட்டில் முதலில் எழுவது யார், பள்ளிவிட்ட பிறகு எங்கே போகிறார்கள், விளக்கு எத்தனை மணிக்கு அணைகிறது, எல்லாம் ஒன்பது வட்டுகளில் எழுதியிருக்கும். எந்த வழிகாட்டியும் சுற்றிக் காட்டாத தகவல் இது.

வாரம் எட்டு, ஆறு வாரம், மொத்தம் 48 பீரியட். அதற்கு 48 பயிலரங்குகள் தேடி அலைய வேண்டாம், நான்கு போதும். ஒவ்வொன்றையும் பன்னிரண்டு வகுப்புகளில் நடத்துங்கள். முதல் தடவை சொதப்பும், மூன்றாவது தடவை நேரத்துக்கு முடியும், ஆறாவதில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க உங்களுக்கு அவகாசம் கிடைக்கும். புதுசு புதுசாகச் செய்யும் ஆசை தன்னார்வலருக்குத்தான். பிள்ளைகளுக்கு எல்லாமே முதல் தடவை.

இன்னொன்று வேண்டுமென்றால் உலகப்படம். 1569-இல் மெர்கேட்டர் என்ற வரைபடக்காரர் வரைந்த முறையில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா ஏறத்தாழ 3 கோடி சதுர கி.மீ., கிரீன்லாந்து சுமார் 21.7 லட்சம். பதினான்கு மடங்கு. கட்டம் போட்ட தாளில் இரண்டையும் உண்மை விகிதத்தில் வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். பேச்சே தேவைப்படாத பயிலரங்கு.

இனி மொழி. மொழிபெயர்க்கும் ஆசிரியருக்கு முந்தின நாளே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: என்ன செய்யப்போகிறோம், கடினமான பத்துச் சொற்கள். ‘பாகை’ என்பதற்கு அவர்கள் கணக்குப் புத்தகத்தில் என்ன சொல் இருக்கிறதோ அதையே அவர் சொல்ல வேண்டும். பேசும்போது பிள்ளைகளைப் பாருங்கள், அவரைப் பார்க்காதீர்கள். ஒரு வாக்கியம், நிறுத்தம். சொல்விளையாட்டு நகைச்சுவை வேண்டாம், மொழிபெயர்ப்பில் அது செத்துத்தான் வரும். நீங்கள் ஒரு நிமிடம் பேசியதை அவர் நான்கே சொல்லில் முடித்தால் பதறாதீர்கள். அநேகமாக உங்கள் வாக்கியம்தான் நீளம். ஆனால் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு அவரே பதில் சொல்லி முடித்துவிடுவார், கேள்வி உங்கள் காதுக்கு வராது. கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவைக்க ஒரு மாணவியை முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் இது சரியாகும்.

‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். எந்த மொழியிலும் பிள்ளைகளின் பதில் ‘ஆம்’தான். பல்கேரியாவுக்குப் போனால் தலையசைப்பும் கைவிடும், அங்கே மேலும் கீழும் ஆட்டினால் ‘இல்லை’. ‘12-ஐத் தொட்டுக் காட்டு’ என்று சொல்லுங்கள், விரல் பொய் சொல்லாது. கேள்வி கேட்டபின் காத்திருப்பதையும் பழகுங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், அதை மூன்றாக்கினாலே பதில்கள் நீளமாகவும் கூடுதலான பிள்ளைகளிடமிருந்தும் வருகின்றன என்று 1970-களில் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ காட்டினார். உங்களுக்கு நடுவில் மொழிபெயர்ப்பு வேறு இருக்கிறது. மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்த மௌனத்தில் கூசுவது நீங்கள் மட்டும்தான்.

வகுப்பைக் கட்டுக்குள் வைப்பது உங்கள் வேலையே இல்லை. வகுப்பாசிரியர் உள்ளேயே இருக்க வேண்டும் என்று முதல் நாளே பேசி முடித்துக்கொள்ளுங்கள். ‘நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், இதோ வருகிறேன்’ என்று அவர் வேறு வேலைக்குப் போவது மிகச் சாதாரணமாக நடக்கும். பாவம், அவருக்குத் திருத்த வேண்டிய நோட்டுகள் குவிந்திருக்கும். ஆனால் ஒரு பிள்ளைக்குக் காயம் பட்டால் அங்கே பொறுப்பான ஆள் யாருமில்லை. முதல் இரண்டு மூன்று நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள்: பிள்ளைகள் எழுந்து பதில் சொல்கிறார்களா, கைதூக்குகிறார்களா, எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்களா, அமைதிக்கு ஆசிரியர் என்ன சைகை காட்டுகிறார்? அந்தச் சைகையையே நீங்களும் பயன்படுத்துங்கள், புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். தேர்வு, விடுமுறைப் பட்டியலையும் அப்போதே வாங்கிவிடுங்கள்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சம்பளம் இல்லாவிட்டாலும் தன்னார்வப் பணியைப் பல நாடுகள் வேலையாகவே எடுத்துக்கொள்கின்றன. சுற்றுலா விசாவில் வரச் சொன்னால் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். காவல்துறை நற்சான்று, மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். உங்களை அனுப்பும் அமைப்பு குழந்தைகள் பாதுகாப்பு விதிகளில் கையெழுத்து கேட்கவில்லை என்றால் அந்த அமைப்பைச் சந்தேகியுங்கள். பெற்றோர் அனுமதியின்றிப் பிள்ளைகளின் முகம் தெரியும் படம் வேண்டாம். பிள்ளைகளோடு தனிப்பட்ட கைபேசித் தொடர்பும் வேண்டாம். ‘அடுத்த ஆண்டு வருவேன்’ என்று சொல்லவே சொல்லாதீர்கள், காத்திருப்பார்கள்.

ஆறு வாரம் போதுமா? அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோர் 1961-இல் தொடங்கியது. அதில் பணிக்காலம் 27 மாதம், முதல் மூன்று மாதம் வெறும் பயிற்சி. பெரும்பகுதி மொழிதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் தன்னார்வலர் திட்டமான ஐரோப்பிய ஒற்றுமைப் படையில் தனியாகப் போகும் 18 முதல் 30 வயதுக்காரருக்கு இரண்டு முதல் பன்னிரண்டு மாதம். அமெரிக்காவில் தங்கிய 200-க்கும் மேற்பட்ட நார்வேக்காரர்களைப் பற்றி 1955-இல் எழுதிய நார்வே சமூகவியலாளர் லிஸ்கார்ட், ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்கள் சௌகரியமாக இருந்ததாகச் சொன்னதையும், 6 முதல் 18 மாதம் இருந்தவர்களே அதிகம் திணறியதையும், அதற்கு மேல் தங்கியவர்கள் மறுபடி ஒட்டிக்கொண்டதையும் குறித்தார். இந்தக் கணக்கில் உங்கள் ஆறு வாரம் முழுக்கவே தேனிலவு. ‘அங்கே எல்லோரும் அன்பானவர்கள்’ என்று திரும்பி வந்து எழுதத் தோன்றும். அது ஊரைப் பற்றிய செய்தி இல்லை, தேனிலவைப் பற்றியது. ஒரு நோட்டில் தேதி போட்டு, பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ‘இங்கே இப்படித்தான்’ என்ற முடிவுகள் பக்கத்து வீட்டுக்குப் போனதும் பொய்யாகும்.

உங்கள் நண்பர் சொல்வதைக் கடுமையாகச் சொன்னவர் சிந்தனையாளர் இவான் இல்லிச். 1968-இல் மெக்சிகோவில், தொண்டு செய்ய வந்த அமெரிக்க மாணவர்களிடமே, பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்றார். பாதி ஒப்புக்கொள்கிறேன். அந்த நான்கு பயிலரங்குகளால் உங்களுக்குக் கிடைப்பதுதான் அதிகம். அதை மறைக்காமல் நண்பரிடம் சொல்லிவிடுங்கள். மீதிப் பாதி ஒரே விஷயத்தில் இருக்கிறது: நீங்கள் போனபின் அந்த வட்டு ஆசிரியருக்குப் பயன்படுமா? அடுத்த இரண்டு வாரத்தில் அவர் எந்தப் பாடம் எடுக்கப் போகிறார் என்று கேட்டு, உங்கள் பயிலரங்கை அதில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். நான்காம் வாரத்தில் ஒரு வகுப்பை அவரே நடத்தட்டும், நீங்கள் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். உங்களைவிட நன்றாகவே நடத்துவார், மொழிபெயர்ப்பே தேவையில்லையே. அவர் எந்த இடத்தை விட்டுவிட்டுப் போகிறாரோ அது தேவையில்லாத இடம், ஐந்தாம் வாரத்தில் நீங்களும் அதை எடுத்துவிடுங்கள்.

45-இல் மூன்று படங்களை மட்டும் பெரிதாக அச்சிட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் தெரு, உங்கள் பள்ளி, காலையில் உங்கள் வீட்டு வாசல். நேர வட்டோடு அவை போகும். கத்தரிக்கோலையும் காம்பஸையும் கைப்பையில் போடாதீர்கள், பெரிய பெட்டியில் வையுங்கள். விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டால் முதல் வகுப்புக்கு வட்டு வெட்ட ஆளுக்கு ஆள் இரவல் கேட்க வேண்டியிருக்கும்.